கேட்டுலயே பாட்டிலுக்குப் பத்து ரூவா டெபாசிட் வாங்குங்க சார்: ஆத்தங்கரைய பாத்துக்கற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்க அணைக்கட்டையும் அதையொட்டி இருக்கற பார்க்கையும் பாத்துக்கற அதிகாரிகளுக்கு வணக்கமுங்க. எந்த எடம்னு நான் பேர் போடல. உங்களுக்கே தெரியும், மூணு வருசத்துல ரெண்டு மனு குடுத்துருக்கேன், ஒருவாட்டி நேர்லயும் வந்து பாத்தேன், உக்கார வெச்சு நல்லாத்தான் பேசுனீங்க, அத மறக்கல. பேர் போட்டா அந்த ஒரு எடத்துல மட்டும்தான் பாட்டிலயும் குப்பையையும் தண்ணியில போடற இந்தக் கேடுன்னு ஆயிரும். அப்படி இல்லீங்க, பவானி ஆத்துல மேல இருந்து கீழ கூடுதுறை வரைக்கும் சனங்க வந்து குளிக்கற எந்தப் படித்துறையில போய் நின்னாலும் இதேதான், அக்கட்ட ஆழியாறு, திருமூர்த்தி மலைன்னு போனாலும் இதேதான்.

மனுவுல என்ன எழுதிருந்தேன்னு திரும்பச் சொல்லல, பைல்ல இருக்கும். இந்தத் தடவ மனு எழுதாம எல்லாரும் பாக்கற மாதிரி எழுதறதுக்குக் காரணம் தீவாளிக்கு அடுத்த வாரம் எங்க வயல்ல நடந்த ஒண்ணு.

தீவாளி நோம்பி லீவு மூணு நாளும் ஆத்துல கூட்டம்னா கூட்டம், திருப்பூர் வண்டி கோயம்புத்தூர் வண்டி கேரளா வண்டின்னு ரோட்டோட ரெண்டு பக்கமும் ஒரு மைலுக்கு நிறுத்திருந்தாங்க. வரட்டுமுங்க, வர்றவங்க நமக்கு ஒரம்பரை மாதிரி, ஆறு எல்லாருக்கும் பொதுதான, வருசம் பூரா பனியன் கம்பெனியில நின்னு வேலை செய்யற சனம் ஒரு நாள் தண்ணியில எறங்கி குளிச்சு மீன் வறுவல் தின்னுட்டுப் போறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா குடிச்ச பாட்டில மூடியத் திருகி அப்படியே தண்ணியில விட்டுட்டுப் போறாங்க பாருங்க, காலி பாட்டில் மூடி போட்டா மெதக்கும். மெதந்து வந்து வாய்க்கா தலைமதகுல நுழையும், வாய்க்கால்ல வந்து கெளை வாய்க்காலுக்குத் திரும்பும், எங்காச்சும் ஒரு மடை வாயில வந்து குறுக்க நிக்கும், அது பின்னாடி பிளாஸ்டிக் தட்டு, கொழந்தைக்குக் கட்டற டயப்பர், ஷாம்பு கவர், குளிச்சுட்டு விட்டுட்டுப் போன துணி எல்லாம் ஒட்டுக்கா வந்து அடைச்சுக்கும்.

எனக்கு அன்னைக்கு மொறத் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு. போய்ப் பாத்தா மடையில தண்ணி வர்ல, மேல நிக்குது. ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில மம்முட்டி, அடைப்ப இழுத்து விடலாம்னு சேத்தோட சேத்து ஒரு போடு போட்டேன், "சளுக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான், தண்ணி பாஞ்சு வயலுக்குள்ள போயிருச்சு. அந்தச் சத்தம் என்னன்னு எனக்கு அப்பவே தெரியும். விடிஞ்சு போய் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு சேத்துல கை விட்டு ரெண்டு மணி நேரம் தொலாவுனேன், பாட்டிலோட அடிப்பாகம் கெடைச்சது, கழுத்து கெடைச்சது, நடுவுல இருக்கற சில்லு எத்தனைன்னு யாருக்குத் தெரியும். சேத்துக்குள்ள கண்ணாடி மண்ணு மாதிரிதான் இருக்கும், கைக்குத் தட்டுப்படாது, காலுக்குத்தான் தட்டுப்படும்.

மூணாம் நாள் நடவு. எட்டுப் பேர் வந்தாங்க, அதுல ஒரு அக்கா, அம்பது வயசு தாண்டிருச்சு, எங்கம்மா காலத்துல இருந்து எங்க காட்டுக்கு வர்றவங்க, சின்ன வயசுல என்னைய இடுப்புல தூக்கி வெச்சுருந்தவங்க. ஒரு நாத்து முடிய நட்டு முடிச்சுட்டு அடுத்ததுக்கு ஒரு எட்டு பின்னாடி வெச்சாங்க, அப்படியே நின்னுட்டாங்க. சத்தம் போடல. "தம்பி, கால்ல என்னமோ ஏறிருச்சு போலருக்குது"ன்னு மட்டும் சொன்னாங்க. தூக்கி வரப்புல உக்கார வெச்சு வாய்க்காத் தண்ணியில கழுவுனா குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னாடி குறுக்க கிழிஞ்சிருக்கு, பழுப்பு நெறக் கண்ணாடி ஒரு வெரக்கடை நீளத்துக்கு உள்ள நிக்குது. நான் டூவீலர்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனேன், ஆறு தையல், டிடி ஊசி, அக்காவுக்கு சக்கரை வேற இருக்குது, டாக்டரம்மா "சேத்துத் தண்ணி படவே கூடாது"ன்னு சொல்லிட்டாங்க.

நடவு சீசன்ல சேத்துத் தண்ணி படக்கூடாதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும் சார். வருசத்துல ரெண்டு போகத்துக்கும் நடவுன்னு வர்றது கொஞ்ச நாள்தான், அதுல சம்பாதிக்கற காசுலதான் அவங்க மளிகைக்கடை பாக்கியும் குழுக் கடனும் அடைப்பாங்க. இப்ப மாசம் ஒண்ணாச்சு, காயம் இன்னும் முழுசா மூடல. ஆஸ்பத்திரிச் செலவ நான் குடுத்தேன், கூலி போனதுக்கும் கொஞ்சம் குடுத்தேன், அது எம்பட வயல்ல நடந்தது அதனால குடுத்தேன், ஆனா அந்தப் பாட்டில வாங்குனவன் எந்த ஊர்ல நிம்மதியாத் தூங்கறானோ. மத்த ஏழு பேர்ல ஒருத்தங்க களையெடுப்புக்குக் கூப்பிட்டப்ப, "தம்பி செருப்பு போட்டுட்டு எறங்கிக்கலாமா"ன்னு கேட்டாங்க. நெல்லு வயல்ல செருப்பு போட்டு எறங்க முடியுமா சார், சேறு உறிஞ்சி எடுத்துரும்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேக்கறாங்க. பயமுங்க. பொறந்ததுல இருந்து வெறுங்காலோட எறங்குன சேத்துல எறங்கப் பயப்படறாங்க.

அதனால கேக்கறேன். கேட்டுலயே பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குங்க. உள்ள போற ஒவ்வொரு கண்ணாடி பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி பத்து ரூவா வாங்கிக்கங்க, வெளிய வர்றப்ப பாட்டிலக் காட்டுனா பத்து ரூவாயத் திருப்பிக் குடுங்க. இதுதான் என்னோட முழு கோரிக்கை.

இது நான் புதுசா யோசிச்சதில்லீங்க. நீலகிரியில காட்டுக்குள்ள ஒடைஞ்ச சரக்கு பாட்டில் யானை கால்ல ஏறுதுன்னு கேஸ் நடந்து, ஐகோர்ட்டு சொல்லி 2022ல டாஸ்மாக் கடையில பாட்டிலுக்குப் பத்து ரூவா சேத்து வாங்கி, காலி பாட்டில் குடுத்தா திருப்பிக் குடுக்கற திட்டம் வந்துச்சு, விக்கற பாட்டில்ல பெரும்பாலானது திரும்பி வந்துருதுன்னு பேப்பர்லயே போட்டாங்க. அதே ஆளுங்கதான் சார், அதே குடிகாரங்கதான், பத்து ரூவா கையில நிக்குதுன்னா பாட்டில பத்தரமா வெச்சுக் கொண்டு வந்து குடுக்கறாங்க. யானை காலுக்குக் கெடைச்ச நியாயம் நாத்து நடற எங்கக்கா காலுக்கும் கெடைக்கணும்.

நேர்ல வந்தப்ப நீங்க சொன்னது ஞாபகம் இருக்குது. "சனங்ககிட்ட விழிப்புணர்வு இல்லீங்க, அது வந்தாத்தான் மாறும்"னு சொன்னீங்க, ஸ்கூல் பசங்கள வெச்சு பேரணி நடத்துனோம் போர்டு வெச்சோம்னு சொன்னீங்க. மரியாதையோட சொல்றேன், அதுல நான் ஒத்துப்போகல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்டுட்டு வந்து பாறை மேல பொழுதோட வரைக்கும் சும்மா உக்காந்து பாத்துட்டே இருந்தேன். நூத்துக்கணக்குல சனம். நடுவுல எறியறவங்க ரொம்பக் கம்மி சார். மீதி எல்லாரும் என்ன பண்றாங்க தெரியுமா, பாறை சந்துல சொருகறாங்க, புல்லுக்குள்ள தள்றாங்க, மணலக் கால்ல நோண்டி பொதைக்கறாங்க, சுத்தி முத்தி ஒரு தடவ பாத்துட்டு தண்ணிக்குள்ள கைய விட்டு மெதுவா விடறாங்க. தெரியாதவன் மறைக்க மாட்டானுங்க. மறைக்கறான்னா தப்புன்னு தெரிஞ்சுதான் பண்றான்.

ஒரு சின்னப் புள்ள, ஆறு வயசு இருக்கும், சிப்ஸ் தின்னுட்டு அந்தக் கவர கையில புடிச்சுட்டே அங்கயும் இங்கயும் பாத்துட்டு நின்னுச்சு. அப்பாகிட்ட போய், "குப்பைத்தொட்டி எங்கப்பா"ன்னு கேட்டுச்சு. அவரும் நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு, எந்திரிச்சு நாலா பக்கமும் பாத்தாரு, தொட்டி இல்ல, புள்ள கையில இருந்த கவர வாங்கி நாலா மடிச்சு பாறை இடுக்குல வெச்சுட்டு, "வா கண்ணு"ன்னு கூட்டிட்டுப் போய்ட்டாரு. எனக்கு அந்த நிமிசம் அவரு மேல கோவம் வர்ல, வெசனமாத்தான் இருந்துச்சு. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தத அந்தப் புள்ள சரியாத்தான் செஞ்சுது, அத வேணாம்னு மாத்தி விட்டது நம்ம ஆத்தங்கரை. எந்திரிச்சு எண்ணிப் பாத்தேன், அங்க இருந்து பக்கத்துத் தொட்டிக்கு இருநூத்தி முப்பது எட்டு வெச்சு நடக்கணும், அதுவும் நெறைஞ்சு வழிஞ்சு நாய் இழுத்துப் போட்டுக் கெடந்துச்சு.

அதனாலதான் சொல்றேன், விழிப்புணர்வு இருக்குது சார், கொண்டு போய்ப் போட எடமும் இல்ல, போடாட்டி நட்டமும் இல்ல. கேட்ல டெபாசிட் வாங்குனா ரெண்டும் சரியாகும், திரும்பிப் போறப்ப எல்லாரும் அந்த ஒரே எடத்துக்குக் கொண்டு வந்துதான ஆகணும், பாறை இடுக்குல கெடக்கற பாட்டிலயும் எவனோ ஒரு பையன் பொறுக்கிட்டு வந்து பத்து ரூவா வாங்கிட்டுப் போவான்.

ஆள் பத்தலைன்னு சொன்னீங்க, அது நெசம்தான், இருக்கற ரெண்டு மூணு தூய்மைப் பணியாளருங்க காலையில ஆறு மணிக்கே வந்து கூட்டறத நான் பாக்கறேன், அவங்க கையில ஒரு கையுறை கூட இல்ல, ஒடைஞ்ச கண்ணாடிய வெறுங்கையிலதான் அள்றாங்க. அவங்களக் கொற சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனை பேரப் போட்டாலும் பாறை சந்துல சொருகுனத எப்படிக் கூட்டுவாங்க.

கடைக்காரங்களப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்தே 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, அதுல பிளாஸ்டிக் பூசுன பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பு, தண்ணி பாக்கெட் எல்லாமே இருக்குது. ஆனா அணைக்கு வெளிய மீன் வறுவல் எதுல குடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா. சுத்தி எங்க பாத்தாலும் வாழைத்தோட்டம், நாங்க இலைய வெட்டி வெட்டி மார்க்கெட்டுக்கு லோடு அனுப்பறோம், அந்த வாழைக்கு நடுவுல நின்னுட்டு பளபளன்னு பூசுன தட்டுல மீன் தின்னு அதே வாய்க்கால்ல போடறாங்க. ரெண்டு மீன் வெக்கறதுக்கு ஒரு துண்டு எலை போதாதா? எங்க ஊர்ல நாலு பேரப் புடிச்சாலே தெனமும் அறுத்துக் கொண்டு வந்து கடையிலயே போட்டுருவாங்க.

ஒண்ணு சொல்லணும். காலிங்கராயன் வாய்க்கா வெட்டி முடிச்சது 1283லங்கறாங்க, எழுநூறு வருசம் தாண்டியும் இன்னைக்கு வரைக்கும் அதுல தண்ணி பாயுது, வயல் வெளையுது, தை மாசம் அஞ்சாம் தேதி காலிங்கராயன் நாள்னு பொங்க வெச்சுக் கும்புடறோம். அப்படி ஒரு கைராசிக்காரங்க வெட்டிக் குடுத்த தண்ணியில டயப்பர் மெதக்குது. நம்ம மலைப்பக்கமும் அப்படித்தான், 2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல ஒரு பொம்பள யானை செத்துச்சே, வயித்துல கன்னோட, அறுத்துப் பாத்தப்ப கொடலுக்குள்ள பிளாஸ்டிக் இருந்துச்சுன்னு படிச்சுட்டு அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. எங்க பவானி கூடுதுறையில காவேரியோட சேருது, காவேரி பூம்புகார்ல கடலுக்குப் போகுது, அதனால கடல் இல்லாத கொங்கு நாட்டுல பொறந்த நாம போடறதும் கடைசியில கடக்கரையிலதான் போய்ச் சேரும், நடுவுல தஞ்சாவூர்க்காரன் வயல் எத்தனை இருக்குதோ அத்தனையும் தாண்டி.

பீச்சுனு சொன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு வருசம் முன்னாடி பசங்களக் கூட்டிட்டு மெட்ராஸ் பக்கம் கோவளம் போயிருந்தோம், சுத்தமான பீச்சுக்குக் குடுக்கற நீலக்கொடி சர்டிபிகேட்ட 2021ல வாங்குன பீச்சு அது. மணல்ல காலடிக்கு ஒண்ணுன்னு தொட்டி, ஆளுங்க நின்னு சொல்றாங்க, எம்பட பையன் அங்க ஒரு மிட்டாய் கவரக் கூட கீழ போடல. அதே பையன்தான் இங்க நம்ம ஆத்துக்கு வந்தா மத்தவங்களப் பாத்துட்டு போடறதுக்குக் கை ஓங்கறான், நான் மெரட்டித்தான் நிறுத்தறேன். ஆளு ஒருத்தன்தான், எடம் எப்படி வெச்சுருக்கறாங்களோ அப்படி நடந்துக்கறான். நானும் இதுல ஒண்ணும் சுத்தமில்லீங்க, எங்கூரு ஆளுங்களே கெடா வெட்டிட்டு எலையும் பாட்டிலும் கரையில விட்டுட்டு வந்துருக்கறாங்க, நானும் கூட இருந்துருக்கேன், அதனாலதான் இப்ப இன்னும் உறுத்துது.

கொஞ்சம் கோவமா எழுதிருந்தா மன்னிச்சுக்கங்க. கேக்கறது ஒண்ணுதான், கேட்டுலயே பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குங்க. ஒரு மேசை, ஒரு ஸ்டிக்கர் ரோல், ரெண்டு ஆளு. அந்த ரெண்டு ஆளுக்கும் உங்களுக்குச் செரமமா இருந்தா ஞாயித்துக்கெழமையும் லீவு நாளும் எங்க பாசன சங்கத்துல இருந்து நாங்களே மொற வெச்சு வந்து உக்காந்துக்கறோம், கூலி வேண்டாம், ஒரு எழுத்து உத்தரவு மட்டும் குடுங்க, இல்லாட்டி வர்றவங்க "நீ யாரு கேக்கறதுக்கு"ம்பாங்க.

பொங்கலுக்கு முன்னாடி ஆரம்பிச்சுருங்க சார். பொங்கலோட சேந்து வர்ற பூப்பறிக்கற நோம்பிக்கு எங்க ஊர் அம்மணிங்க எல்லாம் கும்மியடிச்சுட்டு ஆத்தங்கரைக்குத்தான் வருவாங்க, வெறுங்காலோட. அந்த அக்காவும் வர்றேன்னு சொல்லிருக்காங்க, அதுக்குள்ள கால் ஆறிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

உங்க பதிலுக்குக் காத்திருக்கற,
வாய்க்காப் பாசன விவசாயி ஒருத்தன்