காவலின்றி விடப்பட்டவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரேவன் ஜான்சன் அவர்களுக்கு,

வணக்கம். 2023 மார்ச் 31 அன்று டாலஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து அரையிறுதியின் சில நொடிக் காணொளி ஒன்றை, உங்களுக்கு வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் போதுமான அளவு நினைவூட்டிவிட்டார்கள் என்பதை அறிவேன். இருந்தும் நானும் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள். வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி தரும் கோட்டுக்கு வெளியே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்களைத் தடுக்க வேண்டிய அயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க், உங்களை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், ‘போ’ என்பதுபோல் கையை வீசிவிட்டு வளையத்தின் பக்கமே நின்றுகொள்கிறார். நீங்கள் எறியவில்லை, பந்தைத் தோழி ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கையசைவை அவமதிப்பு என்று பலரும் பார்த்தார்கள். அதன் வலியால் கூடைப்பந்தையே விட்டுவிட நினைத்ததாக நீங்களும் பிறகு சொன்னீர்கள். நான் அதைப் பலமுறை பார்த்த பின் வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: அது அயோவாவின் ஒப்புதல் வாக்குமூலம். உங்கள் சவுத் கரோலினா அணி அந்தப் பருவத்தில் 36 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், முந்தைய ஆண்டின் பட்டத்தையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 42 வெற்றிகளோடு வந்திருந்தது. உள்ளே, வளையத்தடியில், அலியா பாஸ்டன். அவர் ஓய்வுக்கு உட்கார்ந்தால் ஆறடி ஏழு அங்குலத்தில் கமிலா கார்டோசோ. அயோவாவோ புள்ளி குவிப்பதில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அணி. தடுப்பாட்டத்துக்காக அதை யாரும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. ஐவருக்கு ஐவர் என்று நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்று பயிற்சியாளர் லிசா ப்ளூடருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எதிரணியில் ஒருவரை வெளியே காவலின்றி விட்டுவிட்டு, அவரைக் காக்க வேண்டியவரை உள்ளே கொண்டுவந்து, ஐவரோடு நால்வர் மோதும் ஆட்டமாக அதை மாற்றினார். விடப்பட்டவர் நீங்கள்.

இதற்குக் கல்லூரி ஆட்டத்தின் விதியும் இடம் கொடுத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொழில்முறை மகளிர் கூடைப்பந்தில், தடுப்பவர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று நொடிகளுக்கு மேல் நின்றால் அது குற்றம். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, கிடைக்கும். கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தடை கிடையாது. தாக்கும் அணியின் ஆள் அங்கே மூன்று நொடி நிற்கக் கூடாது; தடுப்பவரோ, ஒரு தாக்குதலுக்கு உரிய 30 நொடியும் நிற்கலாம். அந்த ஒரு வசதி இல்லாவிட்டால், கிளார்க் அங்கே அவ்வளவு நிம்மதியாகக் குடியிருந்திருக்க முடியாது.

கணக்கும் எளியதுதான். வெளியிலிருந்து நான்கு எறிந்தால் ஒன்று விழும் கை என்று வைத்துக்கொண்டால், ஓர் எறிதலுக்கு முக்கால் புள்ளி. வளையத்துக்குக் கீழே பாஸ்டனிடம் பந்து சேர்ந்து, பத்தில் ஆறு விழுமானால் ஒன்றேகால் புள்ளிக்குச் சற்றுக் குறைவு. எதை விடுவது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அன்று உங்கள் அணி வெளியிலிருந்து எறிந்த 20இல் 4 மட்டுமே விழுந்தது. முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் (விதிமீறல்) வாங்கிக்கொண்ட பாஸ்டன் ஆட்டம் முழுவதிலும் எடுத்தது 8 புள்ளி.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைப் பாராட்டுரைகள் எதிலும் நான் காணவில்லை. விழாத பந்து எங்கே போகிறது என்பதுதான் அது. தாக்கும் பக்கத்தில் மட்டும் உங்கள் அணி 26 ரீபவுண்டுகளை, அதாவது விழாமல் திரும்பிய பந்துகளை, எடுத்தது. இரு பக்கமும் சேர்த்து உங்களுக்கு 49, அயோவாவுக்கு 25. அயோவாவின் பூட்டு திறந்துகொண்டேதான் இருந்தது, ஸியா குக் 24 புள்ளி எடுத்தார், இறுதியில் அயோவா வென்றது 77க்கு 73 என்ற சிறு வித்தியாசத்தில் மட்டுமே. மறுமுனையில் கிளார்க் 41 புள்ளிகளும், தோழிகளின் புள்ளிக்கு வழிசெய்த 8 அசிஸ்ட்டுகளும் தந்திராவிட்டால், அந்தத் தடுப்பாட்டத்தை இன்று யாரும் வியூகம் என்று அழைத்திருக்க மாட்டார்கள். சூதாட்டம் என்றே அழைத்திருப்பார்கள்.

காவலில்லாமல் எறிவது எளிது என்று இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு சிறிய அணியில் கார்டாக, அதாவது வெளிவட்டத்தில் பந்தை நடத்துபவனாக, ஆடியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எதிராளி ஒட்டி நிற்கும்போது யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகவே குதித்து எறிந்துவிடும். எட்டடி தள்ளி நின்றால் பந்தின் தையலை விரல் தேடுகிறது, கால் ஒருமுறை தரையைச் சரிபார்க்கிறது, பயிற்சியாளர் திட்டுவாரோ என்ற எண்ணம்கூட நடுவில் வந்துவிடுகிறது. அந்த இடைவெளியைக் கொடுப்பவர், உங்கள் கையை விட உங்கள் மனத்தையே தடுக்கிறார்.

இதே கணக்கை நேர் எதிர்த்திசையில் போட்ட ஆட்டம் ஒன்றும் உண்டு. 2013இல் ஒக்லஹோமா சிட்டியில், நடப்பு வாகையரான பேய்லர் கல்லூரி அணியை லூயிவில் கல்லூரி அணி எதிர்கொண்டது. பேய்லர் முந்தைய ஆண்டில் 40 ஆட்டங்களையும் வென்ற அணி. அதில் ஆறடி எட்டு அங்குல உயரத்தில் பிரிட்னி கிரைனர். அவரைத் தனியாகத் தடுக்கக்கூடிய பெண் கல்லூரி அளவில் இல்லை. லூயிவில் பயிற்சியாளர் ஜெஃப் வால்ஸ் ஒருவரை அவருக்கு முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் நிறுத்தினார். முன்னால் நிற்பவர் பந்து உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். தலைக்கு மேலாக வந்துவிட்டால் பின்னால் நிற்பவர் திரும்பவிடக் கூடாது. மற்றவர்கள் எறிந்துகொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. கிரைனர் 14 புள்ளியோடு நின்றார். முட்டலும் மோதலுமாக நடந்த அந்தக் காவலை நடுவர்கள் தாராளமாக அனுமதித்தார்கள் என்று பேய்லர் தரப்பு கொதித்தது. பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

அங்கும் தடுப்பாட்டம் தனியாக வெல்லவில்லை. லூயிவில் அன்று மூன்று புள்ளி எறிதல்களில் 25க்கு 16 போட்டது. அப்படி ஓர் இரவை எந்தப் பயிற்சியாளராலும் திட்டமிட முடியாது. இரண்டாம் பாதியில் 19 புள்ளி முன்னிலை இருந்தும் அது கரைந்து, பேய்லரின் ஒடிசி சிம்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவால் தன் அணியை ஒரு புள்ளி முன்னே கொண்டுபோன பின், 2.6 நொடி மீதமிருக்கையில் மோனிக் ரீட் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு 82க்கு 81 என முடித்தார்.

1998இல் தரவரிசையில் கடைசியான 16ஆம் நிலையிலிருந்த ஹார்வர்டு, முதல் நிலையிலிருந்த ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71க்கு 67 என வென்றதை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆடவர் போட்டியில் அப்படி ஒன்று நடக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின என்பதால் அது பெரிய செய்திதான். ஆயினும் காயத்தால் முக்கிய வீராங்கனைகள் இருவரை ஸ்டான்ஃபோர்டு இழந்திருந்தது. ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி எடுத்தார். வியூகத்துக்கு அங்கே வேலை குறைவு.

உங்களிடம் வருகிறேன். 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லாந்தில் நடந்த இறுதியில் மீண்டும் அதே அயோவா, அதே கிளார்க். இம்முறை உங்கள் அணியில் வெளியிலிருந்து எறியத் தெரிந்த தே-ஹினா பாவ்பாவ் இருந்தார். மாற்றாளாக வந்த முதலாண்டு மாணவி டெஸா ஜான்சன் 19 புள்ளி எடுத்தார். யாரை விடுவது என்ற கேள்விக்கு அயோவாவிடம் பதில் இல்லாமல் போனது. ஆனாலும் முதல் கால்பகுதியில் கிளார்க் மட்டும் 18 புள்ளி எடுத்துவிட்டார். பின்னர் நீங்களும் ப்ரீ ஹாலும் அவரை ஒட்டி நின்று, அயோவாவினர் ஸ்க்ரீன் வைத்து (உடலால் வழிமறித்து) நின்ற இடங்களில் எல்லாம் மேலே ஏறி வந்து, அவருக்கு ஓர் அடி இடம்கூட விடவில்லை. மீதி மூன்று கால்பகுதிகளிலும் சேர்த்து அவர் எடுத்தது 12. மொத்தம் 28 எறிதல்களில் 10 மட்டுமே விழுந்தது. ஆட்டத்தை 87க்கு 75 என வென்றீர்கள். பருவத்தில் 38 ஆட்டங்களுக்கு 38 வெற்றி.

அன்று புள்ளிப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே பெரிய எண் எதுவும் இல்லை. உங்களுக்கு வைத்த கேள்விக்கு வெளியிலிருந்து எறிந்து பதில் சொல்வீர்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நீங்களோ, கிளார்க் உங்களுக்கு விட்ட இடைவெளியை அவருக்கு விடாமல் பதில் சொன்னீர்கள். இரண்டாம் கால்பகுதி முடியும் தறுவாயில் கிளார்க்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு, யாருமில்லாத மறுபாதியில் ஓடிப் போய், வளையத்தருகே எட்டிப் பந்தைப் போடும் லே-அப் போட்டீர்கள். இடைவேளையில் உங்கள் அணி 49க்கு 46 என முன்னிலை.

என் கேள்வி ஒன்றே ஒன்று, விருப்பமிருந்தால் பதில் எழுதுங்கள். அந்த ஓட்டத்தில் உங்களைச் சுற்றி எட்டடிக்குள் ஒருவரும் இல்லை. அப்போதும் விரல் பந்தின் தையலைத் தேடியதா?

அன்புடன்,
தூரத்திலிருந்து ஆட்டம் பார்க்கும் ஒரு முன்னாள் கார்டு