காய்ச்சல் விட்டாப் பிறகு

கோண்டாவில்,
மார்கழி.

அன்பு மச்சான் சிறிக்கு,

ஆடியிலை நீ போட்ட கடிதத்துக்கு மார்கழியிலை பதில். திட்டுறதெண்டால் இப்பவே திட்டிப்போட்டு மேலை வாசி. இஞ்சை எல்லாரும் சுகம். மழை விடாமல் பெய்யுது, கிணறு முட்டிப்போச்சு, வேலி வழக்கு இன்னும் முடியேல்லை. சரி, விசயத்துக்கு வாறன்.

எங்களோடை படிச்ச தவத்தின்ரை மூத்தவனுக்கு இதயத்திலை வருத்தம். பதறாதை, ஆள் வீட்டை வந்திட்டான். 24 வயசு. நீ ஒரு கோலும் அடிக்காமல் ரெண்டு வருசம் கப்டனாய் நிண்ட அதே மைதானத்திலைதான் அவனும் பந்தடிக்கிறவன். தடிமன், காய்ச்சல், உடம்பு உளைவு எண்டு படுத்தான். தாய் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தா, பனடோல் போட்டான், காய்ச்சல் விட்டுது. விட்ட கையோடை மட்ச் எண்டு ஓடினவனுக்கு நெஞ்சுநோ. தவம் வாய்வுதான் எண்டு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தவனாம். வகுப்புக்குள்ளை பாம்பு வந்த அண்டைக்குக் கயிறெண்டு சொன்னவன்தானே.

நல்லகாலம், தாய் கேக்கேல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. ஈசிஜி எடுத்து, இரத்தத்திலை ட்ரோபோனின் பார்த்தவை. இதயத் தசை பழுதுபட்டால் அந்தப் புரதம் இரத்தத்துக்குள்ளை கசியுமாம். நல்லாய்க் கூடிக் கிடந்தது. மாரடைப்போ எண்டு இதயத்தின்ரை இரத்தக் குழாயைப் படம் பிடிக்கிற அஞ்சியோகிராம் செய்தால் குழாயிலை ஒரு அடைப்புமில்லை. மயோகார்டைட்டிஸ், வைரசாலை இதயத் தசையிலை வந்த அழற்சி எண்டு சொல்லிச்சினம். எந்த வைரஸ் எண்டு பிடிபடேல்லை. கனபேருக்குப் பிடிபடுறதில்லையாம்.

அண்டையிலையிருந்து எனக்கு உதே யோசினை. டாக்டராய் இருக்கிற மருமகளை நித்திரை கொள்ள விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறன். கொக்ஸாக்கி பி எண்டு ஒரு வைரஸ் கூட்டம், வயித்துக்குள்ளாலை நுழைஞ்சு இதயத் தசையிலை போய் இருக்குமாம். தசைநாரைத் தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோபின் எண்ட புரதத்தை அதின்ரை நொதியம் ஒண்டு வெட்டுதாம். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், எங்கடை உடம்பின்ரை எதிர்ப்புப் படை வைரசைத் தேடி வருகுது. ஆமியின்ரை சுத்திவளைப்பு மாதிரித்தான் மச்சான். தேடப்படுறவன் ஓடியிடுவான், வீட்டிலை நிண்டதுகள்தான் அடி வாங்கும். வைரஸ் போன பிறகும் சிலருக்கு அந்த அடி நிக்கிறதில்லை. இதயம் வீங்கி, பம்ப் பண்ணுற பலம் குறைஞ்சு போகுமாம்.

டெங்கு வேறை விதம். அது இரத்தக் குழாயின்ரை உள்சுவரைக் கெடுத்து, இரத்தத்தின்ரை நீர்ப்பகுதியை வெளியிலை கசிய விடுது. காய்ச்சல் இறங்கிற நேரம்தான் அதிலை ஆபத்து. நாங்கள் அப்பதான் "சுகமாப் போச்சு" எண்டு சோறு போடுவம்! இந்த மழைக்குள்ளை இஞ்சை வீட்டுக்கு வீடு காய்ச்சல், வாறவன் போறவனிட்டையெல்லாம் காய்ச்சலுக்குப் புரூபன் எண்ட நோக்குளிசை போடாதை, அஸ்பிரின் போடாதை, இரத்தத்தைச் சோதி எண்டு கத்துறன். எனக்குப் பட்டப்பேரே வைச்சிட்டாங்கள்.

இனி உன்ரை கதை. இரத்தக் குழாய் அடைபடாமல் ஸ்டென்ட் வைச்ச நெஞ்சோடை, "சும்மா ஃப்ளூ தானடா" எண்டு சொல்லிக்கொண்டு சினோ அள்ளினனீ எண்டு உன்ரை மனிசி போனிலை சொன்னவ. நீ இருக்கிற ஒன்ராறியோவிலைதான் ஒரு ஆய்வு செய்து 2018 இலை வெளியிட்டவை. இன்புளுவென்சா, அதுதான் நீ சொல்லுற ஃப்ளூ, எண்டு பரிசோதனையிலை தெரிஞ்ச ஆக்களுக்கு, முதல் 7 நாளுக்குள்ளை மாரடைப்பு வாற வீதம் மற்றக் காலத்தை விட 6 மடங்கு. காய்ச்சலுக்கு இதயம் ஓடி ஓடி அடிக்குது, இரத்தம் கெதியிலை கட்டிபடுது, குழாயிலை ஏற்கெனவே படிஞ்ச கொழுப்பு அழற்சியிலை வெடிக்குது. படிஞ்ச கொழுப்பு உன்னட்டை இருக்கிறது உனக்கே தெரியும்.

ஊசி போடு. 2021 இலை வந்த ஒரு ஆய்விலை, மாரடைப்பு வந்த கையோடை ஃப்ளூ ஊசி போட்டவையிலை ஒரு வருசத்துக்குள்ளை செத்தது 100 க்கு 3 பேரளவு, போடாதவையிலை 5 பேரளவு. "ஊசியாலையும் இதயத்துக்கு வருதாம்" எண்டு வட்சப்பிலை வந்ததை எனக்கு அனுப்பாதை. அது சில கொரோனா ஊசியளாலை, முக்கியமாய் இளம் பெடியளுக்கு, அருமையாய் வந்தது, கூடுதலானவைக்கு மாறினது. நீ பெடியனில்லை, ஃப்ளூ ஊசி வேறை.

பெடியனை 3 தொடக்கம் 6 மாதம் பந்தடிக்கக் கூடாதெண்டு மறிச்சிருக்கினம். இதயத்தை ஸ்கான் பண்ணுற எக்கோ திருப்பிப் பார்த்துத்தான் விடுவினமாம். தவம் பூட்ஸை ஒளிச்சு வைச்சிருக்கிறான். தாய்க்கும் தெரியாத இடமாம், ஆனால் எனக்குச் சொல்லிப்போட்டான்.

ஊசி போட்டு முடிய ஒரு வரி எழுது. மாஸ்டரின்ரை மகள் கலியாணத்திலை நடந்த கூத்தை அதுக்குப் பிறகுதான் சொல்லுவன்.

உன்ரை,
குணம்