மூளைக்கு வயது இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித செல்லிலிருந்து ஆய்வகத்தில் மூளைத் திசு வளர்த்து நோய்களை ஆராய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த ‘ஆய்வகத்தில் வளர்கிறது மூளை’ கட்டுரையைப் படித்தேன். என் அப்பாவுக்கு அல்சைமர் எனும் மறதி நோய். கட்டுரை வந்த வாரமே உறவுக்காரர்கள் மூன்று பேர் போன் செய்து, “அப்ப சீக்கிரம் மருந்து வந்துடும்தானே?” என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தலைப்பு அப்படி.

வளர்வது மூளை அல்ல, சில மில்லிமீட்டர் அளவுள்ள திசு உருண்டை. ரத்தக் குழாய் கிடையாது என்பதால், பெரிதாக வளர்ந்தால் நடுவில் இருக்கும் செல்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துவிடும். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார், சரி. எங்கள் வீட்டுக்கு முக்கியமான இன்னொன்றைச் சொல்லவில்லை. அந்த உருண்டையின் வயது.

நோயாளியின் செல்லிலிருந்து இந்த உருண்டையை வளர்க்க உதவுவது ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் முறை. அவர் 2006-இல் எலி செல்லிலும் 2007-இல் மனித செல்லிலும் செய்து காட்டியது என்ன? தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் ஆரம்ப நிலைக்கே திருப்பினார். அப்படித் திரும்பும்போது எழுபது வயதுக்காரரின் செல்லில் இருந்த முதுமையின் தடயங்களும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அதிலிருந்து உருவாகும் நரம்பு செல், வயிற்றில் இருக்கும் சிசுவின் செல்லைப் போலத்தான் இருக்கும். முதுமையில் வரும் நோயை அதற்குள் எங்கே போய்த் தேடுவது?

கருவிலேயே தொடங்கும் கோளாறு என்றால் கதை வேறு. தலை சிறுத்துப் பிறக்கும் குறைபாட்டுக்குக் காரணமான ஒரு மரபணுவை எலியில் கெடுத்துப் பார்த்தபோது, மனிதருக்கு வருகிற அளவுக்குப் பாதிப்பு வரவில்லை. 2013-இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் அந்தக் குறைபாடுள்ள ஒருவரின் செல்லிலிருந்தே உருண்டையை வளர்த்தார்கள். அது சிறுத்தே வளர்ந்தது. இன்னும் பெருக வேண்டிய செல்கள் அவசரப்பட்டு நரம்பு செல்களாக மாறிவிட்டிருந்தன. எலி காட்டாததை இது காட்டியது. 2016-இல், கர்ப்பிணிகளைத் தொற்றினால் குழந்தையின் தலை சிறுத்துப்போகச் செய்யும் ஜிகா வைரஸ் சிசுவின் மூளையில் எந்த செல்களைக் குறிவைக்கிறது என்று சட்டெனப் புரிந்ததிலும் இதே முறைக்குப் பங்குண்டு.

அல்சைமரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2014-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், பரம்பரை அல்சைமரின் மரபணு மாற்றங்களை மனித நரம்பு செல்களில் புகுத்தி, ஜெல்லுக்குள் வளர்த்தார்கள். இந்த நோயின் இரண்டு அடையாளங்களான அமிலாய்டு புரதப் படிவும் வந்தது, நரம்பு செல்லுக்குள் டாவ் புரதம் திரளும் சிக்கலும் வந்தது. அதே மாற்றங்களை மட்டும் சுமந்த எலிகளில் இரண்டாவது வருவதில்லை. பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பரம்பரை வகை மிகச் சிலருக்கே வருவது. அப்பாவுக்கு வந்தது பெரும்பாலோருக்கு வருகிற, வயதோடு வரும் வகை.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. தோல் செல்லைக் கருநிலைக்குக் கொண்டுபோகாமல் நேராக நரம்பு செல்லாக மாற்றினால் முதுமையின் தடயங்கள் தங்குகின்றன என்று கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தார் 2015-இல் காட்டினார்கள். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழ்களில் எழுதுங்கள். தலைப்பை மட்டும் கொஞ்சம் அடக்கமாக வையுங்கள், போன் எடுப்பது நான்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்