மாலை ஆறு மணிக்கு மேல் வங்கியில் நடப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிக்குப் பணம் போடப் போனால் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள், வேறெதைக் கேட்டாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் எழுதியது அத்தனையும் உண்மை. 1989ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் கிளை மேலாளராக இருந்து, 2023ல் ஓய்வு பெற்றவன் நான். அந்த நச்சரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான்கு மணிக்கு கவுண்டரை மூடுவோம். நோட்டுகளைப் பிரித்துக் கட்டி, கேஷ் டேலி ஆகி, பெட்டகத்தைப் பூட்ட ஐந்தரை ஆகிவிடும். தொகை குறைந்தால் காசாளர் தன் பணத்தைத்தான் போட வேண்டும். அப்புறம் ஆறு மணிக்கு மேல் மண்டல அலுவலகத்திலிருந்து வி.சி. எனப்படும் காணொளிக் கூட்டம் தொடங்கும். நாற்பது கிளை மேலாளர்கள் திரையில் இருப்போம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இன்னைக்கு எத்தனை பாலிசி?" "இல்லை சார்." "அப்புறம் எதுக்குச் சம்பளம் வாங்குறீங்க? நாளைக்கு லாகின் டே (பாலிசி விற்றுக் கணக்கில் ஏற்றியாக வேண்டிய நாள்). மூணு போடாம வீட்டுக்குப் போகாதீங்க." மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வயதுள்ள ஒருவர், மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதில் பேசினால் வெளிமாநிலத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்ற மிரட்டல் வரும்.

அன்று காலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்விக் கடன் கொடுத்திருப்போம். ஒரு விவசாயியின் பழைய பாக்கியைப் பேசி வசூலித்திருப்போம். அதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். கடன் கொடுத்தால் வட்டி பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வரும், சில சமயம் வராமலே போகும். பாலிசி விற்றால் கமிஷன் உடனே வருமானக் கணக்கில் ஏறிவிடுகிறது. மேலே இருப்பவர்களும் அந்த வருமானத்தை அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடம் காட்டியாக வேண்டும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். 2017ல் ஒரு அம்மா வந்தார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த கணவர் இறந்து, கைக்கு வந்த மூன்று லட்சத்தை டெபாசிட் போட வந்திருந்தார். அதில் ஐம்பதாயிரத்தை எடுத்து, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய யூலிப் என்ற, சந்தை முதலீடும் இன்சூரன்ஸும் கலந்த ஒரு பாலிசியில் போட்டேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை வி.சி.யில் "ஒன்று சார்" என்றேன். என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

மறு ஆண்டு இன்னொரு ஐம்பதாயிரம் கட்டச் சொல்லி செய்தி வந்ததும் அந்த அம்மா ஓடி வந்தார். மஞ்சள் பையிலிருந்த ரசீதுகளையெல்லாம் என் மேசைமேல் பரப்பி, "இதுல எது சார்?" என்று கேட்டார். பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள அப்போது 15 நாள்தான் அவகாசம். அது எப்போதோ முடிந்துவிட்டது. மேற்கொண்டு கட்டாவிட்டால் ஐந்து ஆண்டு முடிந்துதான், பிடித்தம் போக மீதி கைக்கு வரும். அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மஞ்சள் பை என் நினைவை விட்டுப் போகவில்லை.

2023 ஜூனில் ஒரு தனியார் வங்கி அதிகாரி கொல்கத்தாவில் காணொளிக் கூட்டத்தில் கீழே வேலை செய்பவர்களைப் பார்த்துக் கத்திய காட்சி நாடு முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். சரி, அவர் விரட்டிய டார்கெட்டை அவருக்குக் கொடுத்தது யார்? அதைப் பற்றி விசாரணை நடந்ததாக நான் படிக்கவில்லை. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, தவறான இன்சூரன்ஸ் விற்பனை மக்கள் கடன் வாங்கும் செலவையும் மறைமுகமாகக் கூட்டுகிறது, வங்கிகள் தங்கள் அடிப்படை வேலையைக் கவனிக்க வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சு மண்டல அலுவலகக் கூட்டங்கள் வரை இறங்க வேண்டும்.

வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற கோரிக்கையையும் ஆதரிக்கிறேன். எல்.ஐ.சி.க்கு 2021லேயே அது வந்துவிட்டது. அதற்கு ஈடாக, தினமும் 40 நிமிடம் கூடுதலாக வேலை செய்யவும் வங்கிச் சங்கங்கள் தயாராக இருக்கின்றன. ஆனால் இந்தக் கூட்டங்கள் இப்படியே தொடர்ந்தால் சனிக்கிழமையும் போனில் கூப்பிட்டு "எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். என் கிளைக்கு வந்த இன்ஜினியரிங் படித்த இரண்டு இளைஞர்கள் புரொபேஷன் முடியும் முன்பே ராஜினாமா செய்தார்கள். சனிக்கிழமை விடுமுறை இல்லை என்று அவர்கள் போகவில்லை. கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் அதிகாரி, கூட்டம் முடிய எட்டு மணியாகும் நாட்களில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வருவார்.

கிளை மேலாளரின் பதவி உயர்வு மதிப்பீட்டிலிருந்து பாலிசி எண்ணிக்கையை எடுத்துவிட வேண்டும். பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் 2024 முதல் 30 நாளாகியிருக்கிறது. அதற்குள் வாங்கியவரைத் தலைமை அலுவலகத்திலிருந்து தமிழில் கூப்பிட்டு, "இது டெபாசிட் இல்லை, ஆண்டுதோறும் கட்ட வேண்டும், தெரியுமா?" என்று கேட்க வேண்டும். இப்படி ஒரு போன் வந்திருந்தால் அந்த அம்மாவின் ஐம்பதாயிரம் தப்பியிருக்கும்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. லாக்கர் வாங்கவோ நகைக்கடன் வாங்கவோ பாலிசி எடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எடுக்கச் சொன்னால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். கட்டாயம் என்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த மேலாளரும் எழுதித் தரமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை மேலாளர்,
திருநெல்வேலி.