ஒண்ணும் பண்ணாது என்று சொல்ல மாட்டேன்

திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மே மாத லீவுக்கு வரும்போது மஞ்சக்குப்பம் பக்கம் ஏதாவது லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்ளட்டுமா என்று போன வாரம் கேட்டாய். பிறந்த வீடு இருக்கும்போது லாட்ஜா என்று உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வருத்தமில்லை மா. நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் பாப்பாவுக்கு வீடியோவில் நம் நாய்க்குட்டி பொட்டுவைக் காட்டிக் காட்டிப் பேசுகிறேனே தவிர, உன்னிடம் அவளைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் ஆரம்பித்தால் நடுவில் யாராவது வந்துவிடுகிறார்கள். அதனால் கடிதம்.

பொட்டுவை வளர்க்க வேண்டும் என்று எடுத்து வரவில்லை. கார்த்திகை மழையில் நம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. எதிர் வீட்டுக்காரர் அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு இருந்தது. செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. நாட்டு நாய்தான். பல்லைப் பார்த்துவிட்டு, ஐந்து வாரம் இருக்கும் என்றார் கால்நடை டாக்டர். மழை விட்டதும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே உன் நினைப்பு இருந்தது. மழை விட்டது, நான் கொடுக்கவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்ததை நாம் இருவரும் பேசியதே இல்லை. மாசி மகம், தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். டீக்கடை பெஞ்சுக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது. நீ நின்றுவிட்டாய், என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். "ஒண்ணும் பண்ணாது, வா" என்று உன் கையைப் பிடித்து அதைத் தாண்டிக் கூட்டிப்போனேன். கடித்துவிட்டது. அப்புறம் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை 2004-இல் நிறுத்திவிட்டார்கள், இப்போதெல்லாம் தோளில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நீ பட்டது அந்தப் பழைய ஊசி. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையை எப்படிப் பிடித்திருந்தாய் என்று எனக்கு மறக்கவில்லை. நாய் கடித்ததைவிட, பயமில்லை என்று அப்பா சொன்னது பொய்யாகப் போனதுதான் உனக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் பொட்டு ஒன்றும் பண்ணாது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து மாதமாக அவளுக்கு என்னென்ன சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே முடிவு பண்ணு.

முதலில் ஊசி விஷயம். ஏழு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்தவை, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. எல்லாம் அட்டையில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவில்லை, பார்வோ நோய் குட்டிகளை இரண்டே நாளில் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்தார்.

வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த அந்த நாட்களில்தான் பாடம் ஆரம்பித்தது. டாக்டர்தான் வழி சொன்னார். டால்பினைப் பழக்குகிறவர்கள் விசில் வைத்திருப்பார்களாம். அது தண்ணீரிலிருந்து துள்ளி மேலே இருக்கும்போது வாயில் மீன் கொடுக்க முடியாதே. சரியாகத் துள்ளிய நொடியில் விசில், மீன் அப்புறம். எதற்காக மீன் கிடைத்தது என்று அதற்குப் புரிந்துவிடும். நாய்க்கும் அதே முறை. என்னிடம் விசில் இல்லை, அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும் பேனா இருந்தது. முதல் இரண்டு நாள் வேறு எதுவும் கேட்காமல், டக், உடனே ஒரு துண்டு கோழி, டக், ஒரு துண்டு கோழி. மூன்றாம் நாள் சத்தம் கேட்டதும் என் கையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் கவனிக்க வேண்டியதெல்லாம் டக்கை எந்த நொடியில் அழுத்துகிறேன் என்பதுதான். ஒரு நொடி தாமதித்தாலும் உட்கார்ந்ததற்குப் பதிலாக எழுந்ததற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்.

துண்டு என்றால் பட்டாணி அளவுதான். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சில நாள் முட்டை, சில நாள் கேரட். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எதுவும் ஆகாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை உன் அம்மா அலமாரிக்கு மேலேயே வைத்துவிட்டாள்.

உட்கார வைக்க முதுகை அமுக்கக் கூடாது. கோழித் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாக நெற்றிக்கு மேலே பின்பக்கமாக நகர்த்த வேண்டும். தலை அண்ணாந்தால் பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய நொடியில் டக். நான்கு நாள் இப்படிச் செய்த பிறகு துண்டு இல்லாமல் வெறும் கையைத் தூக்கினேன், உட்கார்ந்தாள். "உக்காரு" என்ற வார்த்தையைக் கடைசியில்தான் சேர்த்தேன். நாய்க்குப் பேச்சைவிடக் கைதான் முதலில் புரிகிறது. ஆரம்பத்தில் நான் பண்ணிய தப்பு, உக்காரு, உக்காரு, உக்காரு என்று அடுக்கிக்கொண்டே போனது. நான்காவது தடவை சொன்னால்தான் உட்கார வேண்டும் என்று அவள் பாடம் படித்துக்கொண்டாள். அதை மாற்றப் பத்து நாள் ஆனது.

இன்னொரு தப்பும் சொல்லிவிடுகிறேன். என் கண்ணாடிக் கூட்டைக் கடித்துக் குதறியிருந்தாள். "பொட்டு, வா" என்று கூப்பிட்டேன், ஆசையாக ஓடி வந்தாள், வந்தவளைத் திட்டினேன். அதற்கப்புறம் இரண்டு நாள், வா என்றால் மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். கடித்ததற்குத் திட்டு வாங்கியதாக அவளுக்குத் தெரியவில்லை, வந்ததற்குத் திட்டு வாங்கியதாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து கூப்பிட்டு அதட்டுவதை விட்டுவிட்டேன். வேண்டாத வேலை செய்தால் நானே எழுந்து போய் அதை எடுத்துவிட்டு, கடிக்க அவளுடைய கயிற்றைக் கொடுக்கிறேன்.

மேலே தாவுவதை நிறுத்தத்தான் ரொம்ப நாள் பிடித்தது. ஆறு வாரம். உனக்காகச் செய்ததில் முக்கியமானது இதுதான் என்பதால் விவரமாக எழுதுகிறேன். குட்டி தாவினால் தள்ளிவிடுவோம், ஏய் என்று கத்துவோம். அதற்கு அதுவும் விளையாட்டுதான். அதனால் தாவினால் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, மரம் மாதிரி நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட உடனே டக். நானும் உன் அம்மாவும் ஒழுங்காகச் செய்தோம். பக்கத்து வீட்டு ஆயா மட்டும், தாவும்போதே "என் தங்கம்" என்று தடவிக்கொடுத்துவிடுவார்கள். ஒருவர் கொஞ்சினால் போதும், ஒரு வாரத்துப் பாடம் போச்சு. கடைசியில் ஆயா கையிலேயே கோழித் துண்டைக் கொடுத்து, உட்கார்ந்தால்தான் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது ஆயாவின் தலை வாசலில் தெரிந்தாலே பொட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

பாப்பா கேட்ட வித்தைகளையும் பழக்கியிருக்கிறேன். "சுத்து" என்றால் வலப்பக்கமாக ஒரு வட்டம். முதலில் கால் வட்டம், அப்புறம் அரை வட்டம், அப்புறம் முழுசு. "கை குடு" தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்தது "கும்பிடு". அதை நான் சொல்லித்தரவே இல்லை, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் நாய்கள் முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும் இல்லையா, அந்த நொடிக்காகத் தினமும் ஆறு மணிக்குப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டக். இரண்டு வாரத்தில் வார்த்தை ஒட்டிக்கொண்டது. பாடலீஸ்வரர் கோயில் மணிச் சத்தம் கேட்கும் நேரத்தில் அவள் கும்பிடுவதைப் பார்த்தால் உன் அம்மாவுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. இரண்டு காலில் நிற்பது, உயரத்திலிருந்து குதிப்பது எல்லாம் கேட்கவில்லை. எலும்பு முற்ற ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை வேண்டாம் என்று பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அவளுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுவேன்.

அடுக்களையில் உட்கார்கிறவள் மொட்டை மாடியில் உட்காரவில்லை. அவளுக்கு அந்தப் பாடம் அடுக்களையோடு சேர்ந்தது. இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. கூடம், மாடி, தெரு என்று ஒவ்வொன்றாகப் போய், பங்குனி மாதம் காலை வேளையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வெயில் ஏறினால் மணல் பாதத்தைச் சுட்டுவிடும், புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். போகும் வழியில் அந்த டீக்கடை இருந்த இடத்தைத் தாண்டினோம். இப்போது அங்கே செல்போன் கடை.

அங்கே நின்றபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நாய் வாலை ஆட்டினாலே சிநேகம் என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைத்துப் போவது எல்லாம் 'கிட்டே வராதே' என்று அது சொல்வதாம். கடிப்பது கடைசியில்தான். அன்று பெஞ்சுக்குக் கீழே இருந்த நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. உன் காலுக்கு ஏதோ தெரிந்து நின்றுவிட்டாய். நீ நின்றதுதான் சரி. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள் கண்ணு.

நீங்கள் வரும் அன்று பொட்டு கிரில் கேட்டுக்கு உள்ளே, மாடிப்படிப் பக்கம் அவளுடைய பாயில் கயிற்றோடு இருப்பாள். கயிறு என் கையில். நீ தொட வேண்டாம், கிட்டே வரவும் வேண்டாம். வாசலில் நின்றபடி உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து லேசாக உயர்த்து, போதும். உட்கார்ந்துவிடுவாள். உட்காராவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு நான் மாடிக்குப் போய்விடுவேன், நீ உன் வீட்டுக்குள் வா. லீவு முழுக்க அவள் மாடியிலேயே இருக்க வேண்டுமென்றாலும் இருக்கட்டும், நான் அவளோடு படுத்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு மட்டும் நான்கு சட்டம்: சாப்பிடும்போது தொடக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, தாவினால் மரம். நான் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒருபோதும் தனியாக விடமாட்டேன்.

பாப்பாவை "சுத்து", "கும்பிடு" இரண்டையும் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பு. என் குரலுக்கு மட்டுமே பழகியிருக்கிறாள், பாப்பாவின் குரலையும் இப்போதிருந்தே கேட்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை சொல்லச் சொல். எந்த பஸ், எத்தனை மணி என்று அம்மாவுக்குத் தெரியப்படுத்து. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அப்பா