ஞாயிறு மதியமே வந்துவிடு, கண்ணு

கண்ணு,

நீ ஃபோனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ‘சரிப்பா’ என்று ஒரு வார்த்தை வருகிறது, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. மற்ற சேதியெல்லாம் நேரில்.

பண்ணைக்காரர் முந்தாநாள் கூப்பிட்டிருந்தார். கோதுமை நாலு விரல் உயரம் வந்துவிட்டதாம். ஓக் தோப்பை ஒட்டின மூலையில் மட்டும் மான் மேய்ந்து தரையோடு தரையாக்கி வைத்திருக்கிறதாம். நவம்பர் பிறந்து பெட்டை மான் வேட்டை சீசனும் தொடங்கிவிட்டதே, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, வியாழக்கிழமை உன் காரை மேல் கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்ததாகச் சொன்னார். ஏழு மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போனபோதும் அங்கேயேதான் நின்றதாம். ‘ஆமாம், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான்’ என்று சொல்லி வைத்தேன்.

நீ வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எந்த வேட்டைப் பரண், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமல் போவதில்லை என்பது நமக்குள் இருந்த பழக்கம். இப்போது ஏணிப்படியில் பாசி பிடித்திருக்கிறது. இருட்டில் கால் வழுக்கினால் காலையில்தான் யாராவது பார்ப்பார்கள். இந்த மாதம் நாலரைக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் இங்கிலாந்துச் சட்டம் சுட விடும், கண்ணுக்கு அதற்கும் முன்பே வெளிச்சம் தீர்ந்துவிடும். ஏழு மணிக்குப் பரணில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, கண்ணு.

சரி, அதை விடு.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போனேன். மேற்குக் காற்று, லேசாகத்தான் வீசியது. அதனால் கீழ்ப்பக்கமாகச் சுற்றி, வேலியோரமாகவே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஏறினேன். சருகு நனைந்து கிடந்ததால் காலடிச் சத்தமே இல்லை. தெர்மல் கருவியில் மூன்று வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது சூட்டைக் காட்டுமே தவிர, நிற்பது ஆணா பெண்ணா என்று காட்டாது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன்: இந்த மாதத்தில் கொம்பை நம்பாதே. ரோ இனத்து ஆண் மான் இப்போதுதான் கொம்பை உதிர்க்கும். மொட்டைத் தலையைப் பார்த்துப் பெட்டை என்று சுட்டால் சட்டப்படியும் தப்பு, அக்டோபர் 31-ஓடு அதன் சீசன் முடிந்துவிட்டது. அது திரும்பும்வரை காத்திருந்து பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டுக்கு அடியில் சின்ன மயிர்க் கொத்து ஒன்று வால் மாதிரி தொங்கினால் பெட்டை. பைனாகுலரை ஊன்றுகோலில் சாய்த்துப் பிடித்து, மூச்சாவி கண்ணாடியில் படியாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். தொங்கியது. கூட நின்ற இரண்டும் இந்த வருஷத்துக் குட்டிகள். தாய் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன, ஆனால் முகம் இன்னும் குட்டை.

முறை என்ன என்று உனக்கே தெரியும். முதலில் குட்டி, அப்புறம்தான் தாய். தாயில்லாத குட்டியைக் குளிர்காலத்தில் தனியாக விடக் கூடாது. தூரம் எண்பது மீட்டர்தான் இருக்கும், பின்னால் நல்ல மண் மேடு, பக்கவாட்டில் திரும்பித்தான் நின்றன. ஆனால் மூன்றையும் முடிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சுடுவதில்லை. தாய் தலையைத் தூக்கும், காதைத் திருப்பும், மறுபடி மேயும். குட்டிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைக் கீழே வைத்தன. கடைசிவரை பார்த்துவிட்டு, போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு நடந்தேன். பண்ணைக்காரருக்கு வருத்தம் இருக்கலாம். சீசன் மார்ச் 31 வரை இருக்கிறது.

இந்த நிதானம் உனக்கு என்னைவிட முன்பே வந்துவிட்டது. போன வருஷம் மேட்டு வயலில், அத்தனை அழகாக நின்ற மானை விட்டுவிட்டு, ‘பின்னால் வெறும் வானம்தான்பா’ என்று நீ துப்பாக்கியை இறக்கினாயே, அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று பாடத்தில் எல்லோரும்தான் படிக்கிறார்கள். ஆசை வந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வர வேண்டும். உனக்கு வந்தது. குடல் எடுக்கும்போதும் அப்படித்தான், நோய் இருக்கிறதா என்று நிணநீர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்காமல் நீ ஒரு மானையும் குளிர் அறைக்கு அனுப்பியதில்லை. இத்தனை பொறுப்பான பிள்ளை, சொந்த உடம்பு என்று வரும்போது மட்டும் ஏன் இப்படி இருக்கிறாய்? அம்மா செய்து கொடுத்த மான்கறி வறுவல் டப்பா உன் கார் பின்சீட்டிலேயே கிடந்ததை நான் பார்த்தேன். திறக்கவே இல்லை. அவளிடம் நான் சொல்லவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறாய், அதையும் பார்த்தேன்.

ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அவள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, உன் மேலும் இல்லை. அம்மிச்சி மட்டும் ஃபோனில் அழுகிறார், வயசானவர், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஒன்று செய். உன் .243 துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கிக் கடையில் கொடுத்து வை. ஸ்கோப் வலப்பக்கம் இழுக்கிறது என்று நீதானே செப்டம்பரில் சொன்னாய். அதைச் சரிபார்க்கட்டும், அப்படியே அங்கேயே இருக்கட்டும். மாதக் கணக்கில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், காரணம் கேட்க மாட்டார்கள். என் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அது என் லைசென்ஸில் இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் நானே பிரிஸ்டல் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பேன். தோட்டாவையும் சேர்த்துக் கொடுத்துவிடு, வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறாய்.

தூக்கத்துக்காக டாக்டரைப் பார் என்று போன மாதமே சொன்னேன். நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் வாயைத் திறந்தால் போலீசுக்குச் சேதி போய் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது, அதனாலேயே வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தார் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தகுதியில்லாதவர் என்று முடிவு கட்டக் கூடாது என்று உள்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. நான் படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். விசாரிப்பார்கள், கொஞ்ச நாள் வாங்கியும் வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டுமே! அப்படியே போனாலும் போகட்டும், கண்ணு. அது ஒரு அட்டை. துப்பாக்கி இல்லாமலும் நீ என்னோடு வயலுக்கு வரலாம். எனக்கு இப்போது கண் மங்குகிறது. மங்கல் வெளிச்சத்தில் அந்த மயிர்க் கொத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதை நீ செய்தால் போதும்.

ஞாயிறு வா. இரண்டு மணிக்குள் வந்தால்தான் காற்றைப் பார்த்து இடம் பிடிக்க முடியும். ஓக் தோப்புக்குள் ஒரு முன்ட்ஜாக் மான் புதிதாகச் சேர்ந்திருக்கிறது, சாயங்காலம் ஆனால் விடாமல் குரைக்கிறது. நம் ஊர்க் கேளையாட்டுக்குச் சொந்தம் அல்லவா, அதே குரல். அம்மா கேட்டால் ரசிப்பாள் என்று உன்னை ரெக்கார்ட் பண்ணச் சொல்ல நினைத்திருக்கிறேன். சூரியன் விழுந்து ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்போம். ராத்திரி இங்கேயே தங்கு. உன் அறையில் ஹீட்டரைப் போட்டு வைக்கிறேன். திங்கள்கிழமை லீவு போடு, ஒன்றும் ஆகாது.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்தால் மெசேஜ் போடாதே, கூப்பிடு. ஃபோன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மானைப் பற்றியே பேசுவோம், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

துப்பாக்கிக் கடை வெள்ளிக்கிழமை ஐந்தரை வரை திறந்திருக்கும், நான் விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதே, நாளைக்கே கொண்டுபோய்க் கொடு. ரசீது தருவார்கள். அதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு.

அப்பா