ஆறடி பத்து அங்குலத்திலிருந்து ஒரு கடிதம்

காஸ்குரோவ், நார்தாம்ப்டன்ஷயர்
நவம்பர், ஞாயிறு மாலை

டேய் மாப்ளே,

உன் கடிதம் லண்டன் ஆல்பர்டனில் அக்கா வீட்டுக்கு வந்து, அக்கா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து மறந்து, ஒரு மாதம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் படகே வீடாகி, எனக்கென்று ஒரு முகவரி இல்லாததால் வரும் வினை. எந்த ஆஸ்பத்திரியில் பாரம் நிரப்பினாலும் "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. "படகு" என்று எழுதினால், "அது எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். "இன்றைக்கா, அடுத்த வாரமா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். ஆமாம், உள்ளேயே குளியலறை இருக்கிறது. வெந்நீரும் வரும். படகு ஐம்பத்தேழு அடி நீளம், அகலம் ஆறடி பத்து அங்குலம். நாம் ஊருக்குப் போவோமே, அந்த ஸ்லீப்பர் கோச்சைவிட மூன்றடிக்கு மேல் குறுகல். மிட்லாண்ட்ஸ் பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய லாக்குகள் ஏழடி அகலம்தான். படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கதவு போட்ட தொட்டிகள் அவை. அன்றைக்குச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் புண்ணியத்தில் இன்று நான் பக்கவாட்டில் நடந்து காபி போடுகிறேன்.

நீ எழுதியிருந்தாயே, "கொடுத்துவைத்தவன்டா, சுதந்திரப் பறவை" என்று. சிரித்துவிட்டேன். இங்கே எல்லாமே கணக்குடா. என் தொட்டியில் நானூறு லிட்டர் தண்ணீர், அடுத்த குழாய் அரை நாள் பயணம். பேட்டரியில் எவ்வளவு, கேஸ் சிலிண்டரில் எவ்வளவு, கரி எத்தனை மூட்டை, டீசல் எத்தனை விரற்கடை, எல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நல்லவேளை, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடிய ஆள் நான். பக்கத்துப் படகுக்காரர், மூன்று நிமிடத்தில் ஷவரை முடிக்கிறேன் என்று பெருமை அடித்துக்கொள்வார். நான் ஒரு வாளி, ஒரு சொம்பு என்றதும் குருவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நம் ஊர் டீக்கடையில் கட்சிச் சண்டை நடக்கும் அல்லவா, இங்கே அந்த இடம் கக்கூஸுக்கு. இரண்டு படகுக்காரர்கள் சந்தித்தால் வானிலை ஐந்து நிமிடம், ஆறாவது நிமிடம் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மூன்று கட்சிகள். கையில் எடுத்துப்போய்க் கொட்டும் கேசட் கட்சி, தொட்டியில் சேர்த்துவைத்துக் காசு கொடுத்து உறிஞ்ச விடும் பம்ப்-அவுட் கட்சி, பிரித்துவைத்து உரமாக்கும் கம்போஸ்ட் கட்சி. மூன்றாவது கட்சிக்காரர்கள் நம் ஊர் இயற்கை வைத்தியக்காரர்கள் மாதிரி. கேட்காமலே விளக்குவார்கள், சாப்பிடும்போதும் விளக்குவார்கள்.

நான் கேசட் கட்சி. போன வாரம் நிரம்பிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே நாயோடு வந்த பெரியவர், "கனமாக இருக்கும்போலிருக்கிறதே, ஒரு கை கொடுக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "பரவாயில்லை" என்று மறுபக்கம் பிடித்துக்கொண்டார். நூறு கஜ தூரம், இலையுதிர்காலம் எவ்வளவு அழகு என்று பேசிக்கொண்டே வந்தார். கொட்டும் இடம் வந்ததும் பலகையைப் படித்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். "நல்லது, நல்ல நாளாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை! இந்த ஊர்க்காரர்களின் மரியாதைக்கு அன்றுதான் மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

இன்னொன்று, உன் மனைவியிடம் அவசியம் சொல். ஆல்பர்டனைத் தாண்டும்போது எஞ்சின் திடீரென்று இழுத்து இழுத்து முனக ஆரம்பித்தது. அடியில் படகைத் தள்ளும் விசிறியில் ஏதோ சுற்றிக்கொண்டது. அதற்கென்று எஞ்சின் பக்கத்தில் ஒரு மூடி உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். தண்ணீர் ஐஸ். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்கும். வழவழவென்று துணி. ரொட்டிக் கத்தியால் முக்கால் மணி நேரம் அறுத்து அறுத்து இழுத்தால் மாம்பழ மஞ்சள், மெரூன் பார்டர், சரிகை. முழுப் புடவைடா, முந்தானையோடு! யாரோ பூஜை முடித்துத் தண்ணீரில் விட்டிருக்க வேண்டும். சற்றுத் தள்ளி ஒரு தேங்காயும் மிதந்தது. மூடியைத் திரும்ப இறுக்கமாகப் போட்டுவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாக மூடாவிட்டால் எஞ்சின் ஓடும்போது தண்ணீர் உள்ளே ஏறிப் படகே முழுகிவிடும்.

வேகம்? மணிக்கு நான்கு மைல்தான் உச்சம். நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கயிறு இழுபட்டுத் தட்டு டம்ளர் ஆடும். உடனே ஒரு ஜன்னலில் தலை நீண்டு "மெதுவா!" என்று கத்தும். வந்த புதிதில் அந்தத் தலைகளைத் திட்டினேன். இந்தக் கோடையில் ஜன்னலில் நீண்ட தலை என்னுடையது. வயசாகிவிட்டது மாப்ளே.

எனக்குச் சொந்தமாக நிறுத்துமிடம் கிடையாது. 1995ஆம் வருடச் சட்டப்படி அப்படிப்பட்டவர்கள் ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத் திட்டாத படகுக்காரர் இல்லை. எனக்கென்னவோ விதி சரிதான் என்று படுகிறது. இல்லாவிட்டால் லண்டன் முழுக்கப் படகு நிறுத்தமாகி, கால்வாயில் கால்வாயே தெரியாது. இதை வெளியே சொன்னால் என்னிடம் கரி விற்க வரும் படகுகூட நிற்காமல் போய்விடும், அதனால் உன்னோடு வைத்துக்கொள்.

ஒரு விஷயம் உனக்காகவே சேர்த்துவைத்தேன். இங்கிருந்துதான் பக்கிங்காம் ஊருக்கு ஒரு கிளைக் கால்வாய் பிரிந்தது. 1801இல் திறந்தது; இப்போது தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும் தண்ணீர், அதில் நாலைந்து படகுகள், அதற்கப்புறம் வயலும் புல்லும். நம் வீட்டுப் பின்னால் ஓடிய பக்கிங்காம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பிரபுவின் ஊர் அதுதான். 1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னர். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கூலிக்கு மண் வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் ஊர்க் கால்வாய் தூர்ந்துபோய், தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு திரும்பத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடையதில் பறக்கும் ரயில் தூண் நிற்கிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் போகும் என்று உங்கள் தாத்தா சொன்னபோது நாம் நம்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நேற்று அந்தக் கிளையின் வாயில் நின்றபோது அவரைத்தான் நினைத்தேன். மயிலாப்பூர் பக்கம் போனால் இப்போது தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுது. போட்டோ வேண்டாம், நீயே எழுது.

நாளை பதினான்காம் நாள், காலையில் கயிற்றை அவிழ்க்க வேண்டும். தெற்கே கிளம்பினால் உடனே அவுஸ் ஆற்றைத் தாண்டணும். 1811இல் கட்டிய இரும்புத் தொட்டிப் பாலம்; கால்வாயே அந்தத் தொட்டிக்குள் ஆற்றின் மேல் போகும். ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது, கீழே ஆறு ஓடும். நான் கரைப்பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டிவிடுவேன்.

பெருங்காயம் தீர்ந்துவிட்டது. கட்டிப் பெருங்காயமாக அனுப்பு, அக்கா முகவரிக்கு. ஃபிரிட்ஜ் மேல் வைக்க வேண்டாம் என்று பார்சல் மேலேயே எழுதிவிடு.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்